துருவுக்கும் வண்ணம் தீட்டிய ஜான் ஆலன்



உங்கள் பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கித் தருகிறார்கள். பளபளக்கும் கறுப்பு எஞ்சின், சிவப்புப் பெட்டிகள். நீங்கள் என்ன செய்வீர்கள்? கீறல் விழாமல் பத்திரமாக வைத்துக்கொள்வீர்கள். அதை விட்டுவிட்டு, அதன் மேல் சாம்பல் நிறத்தைப் பூசி, சக்கரத்தில் துரு நிறத்தைத் தடவி, கூரையெல்லாம் கரி படிந்ததுபோல ஆக்கி வைத்தால் அம்மா சும்மா விடுவாரா?

அமெரிக்காவில் ஒருவர் வாழ்நாள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்தார். புத்தம்புது எஞ்சினைப் பழசாக்கினார். பெட்டிகளையும் பாலங்களையும் வீடுகளையும் பழசாக்கினார். அதற்காகவே உலகமெங்கும் உள்ள மாதிரி ரயில் பிரியர்கள் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் பெயர் ஜான் ஆலன்.

1913ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாப்ளின் என்ற ஊரில் ஆலன் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். போதாக்குறைக்கு அவரை வாதக் காய்ச்சல் தாக்கியது. இந்தக் காய்ச்சல் மூட்டுகளில் வலி கொடுத்துவிட்டுப் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்கு இதயத்தையே பலவீனமாக்கிவிட்டுப் போகும். ஆலனுக்கு அப்படித்தான் ஆயிற்று. மற்றவர்களைப் போல ஓடியாடி உழைக்க முடியாத உடம்பு. வாழ்நாள் முழுக்க அந்த இதயத்தோடுதான் அவர் காலம் தள்ள வேண்டியிருந்தது.

வளர்ந்ததும் புகைப்படக் கலையைத் தொழிலாகக் கொண்டார். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கையில் இருந்த பணத்தைக் கவனமாக முதலீடு செய்து, சிக்கனமாக வாழ்ந்தார். அதனால் அதிக வயதாகும் முன்பே தொழிலை விட்டுவிட்டு, மான்டரே என்ற கடற்கரை ஊரில் குடியேற முடிந்தது. அங்கேதான் அவருடைய ரயில் பாதை பிறந்தது.

மாதிரி ரயில் அமைப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் உண்மையிலேயே உள்ள ஒரு ரயில் பாதையை அப்படியே சிறிதாக்கிச் செய்வார்கள். ஸ்டேஷன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஸ்டேஷன். இன்னொரு வகையினர் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு ரயில் பாதையைத் தாங்களே கற்பனை செய்து, ஊர்களுக்குப் பெயர் வைத்து, அதற்கு ஒரு கதையும் எழுதிக்கொள்வார்கள். ஆலன் இரண்டாவது வகை. கோர் என்று ஓர் ஊர், டாஃபெடிட் என்று ஓர் ஊர், இரண்டையும் இணைக்கும் ரயில் பாதை. இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று கேட்கும். ரத்தக் களரியாகித் தோற்றுப்போனது என்று அர்த்தம்! தன் சொந்த ரயில் கம்பெனிக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? அவர் வைத்தார். அங்கே இருந்த மலைத்தொடருக்கு அவர் வைத்த பெயர் ஏக்கின்பேக். முதுகுவலி என்பதைத்தான் அப்படி மாற்றி எழுதியிருந்தார்.

முதலில் அவர் செய்தது சிறிய அமைப்பு. ஒரு கட்டில் அளவுகூட இருக்காது. அடுத்துச் சற்றுப் பெரியதாக இரண்டாவது. 1953ஆம் ஆண்டு மான்டரேயில் ஒரு வீடு வாங்கினார். அவர் பார்த்து வாங்கியது மேலே இருந்த வீட்டை அல்ல, கீழே பூசி முடிக்காமல் கிடந்த நிலவறையை என்றே எனக்குத் தோன்றுகிறது! சுமார் 23 அடி அகலம், 32 அடி நீளம். அதில் மூன்றாவது முறையாகத் தன் ரயில் பாதையைக் கட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு 40 வயது. முதன்முதலாகச் செய்த அந்தக் கட்டில் அளவு அமைப்பைத் தூக்கி எறியவில்லை. புதிய மலைகளுக்கு நடுவே அதையும் ஒரு பகுதியாகப் பொருத்திக்கொண்டார்.

எல்லாமே உண்மையான அளவில் 87இல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் அங்கே சுமார் 2 செ.மீ. உயரம்தான் இருப்பார். உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று உயரம். ஆனால் மலைகளோ தரையில் தொடங்கிக் கூரையை முட்டும். ரயில் உங்கள் முழங்கால் உயரத்திலும் போகும், தலைக்கு மேலேயும் போகும். தண்டவாளத்தைக் கட்டைகளின் மேல் வைத்து, குட்டிக் குட்டி ஆணிகளைக் குறடால் பிடித்து ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்தார்.

நவராத்திரிக் கொலுவில் கண்ணாடித் துண்டு வைத்துக் குளம் செய்வோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆலனும் கண்ணாடி வைத்தார். ஆனால் படுக்க வைக்கவில்லை, நிறுத்தி வைத்தார். சுவர் ஓரத்தில் பாலத்துக்குப் பின்னாலோ தெரு முடிவிலோ ஒரு கண்ணாடியை நிறுத்திவிட்டால், தெரு இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். அதன் ஓரங்களை மரமும் கட்டடமும் வைத்து மறைத்துவிடுவார். பின்னால் இருக்கும் வீடுகளை இன்னும் சிறிதாகச் செய்வார். தூரத்தில் இருப்பதாக நம் கண் ஏமாந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கற்பனை ரயில்தானே, எப்படி வேண்டுமானாலும் செய்யலாமே என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். நாடகத்தில் ராஜராஜ சோழன் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தால் சிரிக்க மாட்டீர்களா? அதுபோல, கற்பனை ரயிலுக்கும் ஒரு காலம் உண்டு. எந்த ஆண்டில் நடக்கிறது என்று முடிவு செய்துவிட்டால், அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த ஒரு திருகாணிகூட அங்கே இருக்கக் கூடாது.

கடையில் கிடைக்கும் மாதிரி எஞ்சின் பிந்தைய காலத்தைச் சேர்ந்ததாக இருந்தால்? அதைக் காலத்தில் பின்னோக்கி நகர்த்த வேண்டும். மின்விளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டி போன்ற பழைய எண்ணெய் விளக்கை வைக்க வேண்டும். முன்னால் மாடு தள்ளும் சட்டம் இருக்கும் அல்லவா, அதை மரத்தால் செய்ததுபோல மாற்ற வேண்டும். பெட்டிகளை இணைக்கும் கொக்கியைக்கூடக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பெட்டிகள் தாமாகவே இணைந்துகொள்ளும் கொக்கியும் காற்று பிரேக்கும் வேண்டும் என்று சட்டம் வந்தது 1893ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு ஒரு தொழிலாளி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று இரும்பு வளையத்தில் முளையைச் செருகுவார். விரல்களை இழந்தவர்கள் ஏராளம். பிரேக் போட ஓடும் ரயிலின் கூரை மேல் ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாவிப் போய்ச் சக்கரத்தைத் திருக வேண்டும். பாருங்கள், ஒரு பொம்மையின் கொக்கியை மாற்றப் போனால் எத்தனை சரித்திரம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது!

ஆலன் தன் ரயில் பாதையை இயக்கிய 1950களில் அமெரிக்காவின் உண்மையான ரயில்வேக்கள் நீராவி எஞ்சின்களை வேகமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. 1960க்குள் பெரிய ரயில்வேக்களில் டீசல்தான் ஓடியது. ஆலனின் நிலவறையிலோ ராஜ்யம் நீராவி எஞ்சின்களுடையது. வெளியே மறைந்துகொண்டிருந்த ஒரு காலம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஓடிய எஞ்சின்கள் பளபளப்பாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? நான் பணியில் இருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பழைய வீடு ஒன்றை வரையச் சொல்வேன். எல்லோரும் புது வீட்டை வரைந்துவிட்டு மேலே பழுப்பு நிறம் அடிப்பார்கள். வெளியே அழைத்துப்போய்ப் பள்ளிச் சுவரைக் காட்டுவேன். மழை நீர் ஒழுகும் இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு. தரையை ஒட்டிச் செம்மண் தெறித்த கறை. ஜன்னல் கம்பிக்குக் கீழே துரு வழிந்த தடம். அழுக்குக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது.

ஆலன் இதைத்தான் எஞ்சின்களில் செய்தார். நீராவி எஞ்சினின் புகைபோக்கியைச் சுற்றியும் ஓட்டுநர் அறையின் கூரையிலும் கரி படியும். கொதிகலனிலிருந்து நீர் கசிந்து காயும் இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு விழும். சக்கரங்களில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பிசுக்காகும். சரக்குப் பெட்டியின் மரப்பலகை வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகும், ஆணி அடித்த இடத்தில் துரு வழியும். இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து மெல்லிய வண்ணத்தால் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் மாதிரி ரயில் செய்பவர்கள் பளபளப்பைத்தான் பெருமையாக நினைத்தார்கள். அழுக்கான எஞ்சினைக் காட்டி அதை அழகு என்று ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் ஆலன் முதல் வரிசையில் நிற்கிறார்.

அவர் புகைப்படக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள். சின்னப் பொருளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் முன்பகுதி தெளிவாகவும் பின்பகுதி மங்கலாகவும் விழும். பார்த்தவுடனே பொம்மை என்று தெரிந்துவிடும். ஆலன் லென்ஸின் துவாரத்தை ஊசித்துளை போலச் சிறிதாக்கி, வெகுநேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தார். முன்னால் உள்ள எஞ்சினும் தெளிவு, பின்னால் உள்ள மலையும் தெளிவு. அந்தப் படங்கள் அமெரிக்காவின் மாதிரி ரயில் பத்திரிகைகளில் வந்தபோது வாசகர்கள் அசந்துபோனார்கள். வார்னி என்ற மாதிரி ரயில் கம்பெனியின் விளம்பரங்களுக்கும் அவர் படம் எடுத்துக் கொடுத்தார்.

இத்தனை நுணுக்கம் பார்த்த மனிதர் முசுடாக இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லவே இல்லை. யார்டில் பெட்டிகளைத் தள்ளி இழுத்து வரிசைப்படுத்துவதை ஷண்டிங் என்பார்களே, அந்த வேலைக்கு அவருடைய ரயில் பாதையில் 13ஆம் எண் இருந்தது. அது எஞ்சின் அல்ல. முதுகில் தட்டுத் தட்டாக எலும்பு நிற்கும் ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசர் பொம்மை! அதன் பெயர் எம்மா. மற்றவர்கள் தங்கள் ரயிலை ஐம்பது, அறுபது ஆண்டு பின்னோக்கி நகர்த்தினால், இவர் ஓர் ஊழியரைச் சுமார் 15 கோடி ஆண்டுகள் பின்னால் இருந்து வரவழைத்துவிட்டார்.

நண்பர்கள் வந்து கூடி ரயில்களை இயக்குவார்கள். சும்மா வட்டமடிக்க விடுவது இல்லை. கால அட்டவணை உண்டு, சரக்கு எங்கே போக வேண்டும் என்ற உத்தரவு உண்டு. ஊர்களுக்கு நடுவே தூரம் குறைவல்லவா, அதனால் சுவர்க் கடிகாரத்தையும் வேகமாக ஓட விட்டார்கள்.

இப்படியே ஏறக்குறைய இருபது ஆண்டுகள். அறை முழுக்க மலைகள் எழுந்துவிட்டன. முக்கியப் பாதை முழுமையாவதற்குக் கொஞ்சமே மீதி இருந்தது. 1973ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, மாரடைப்பில் ஆலன் காலமானார். வயது 59. சிறு வயதிலிருந்து கவலை கொடுத்த அந்த இதயம் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

அதோடு முடியவில்லை. அவர் இறந்த பத்தாம் நாள் அந்த நிலவறையில் தீப்பிடித்தது. மலைகள், பாலங்கள், ஊர்கள், அவற்றுக்குள் பொருத்தி வைத்திருந்த அந்த முதல் சிறிய அமைப்பு எல்லாமே பெரும்பாலும் அழிந்துபோயின. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கேட்கவில்லை. துருவையும் கரியையும் வண்ணத்தால் தீட்டியவரின் எஞ்சின்களை உண்மையான கரியே மூடிவிட்டது.

எஞ்சியவை அவர் எழுதிய கட்டுரைகளும் எடுத்த படங்களும். பத்திரிகை ஆசிரியரான லின் வெஸ்ட்காட் அவற்றைத் திரட்டி ஒரு புத்தகம் உருவாக்கினார். அது 1981இல் வெளிவருவதற்கு முன்பே வெஸ்ட்காட்டும் காலமாகிவிட்டார். ஆலனைப் பார்த்தே இராத எத்தனையோ பேர் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு எஞ்சினுக்குத் துரு தீட்டக் கற்றார்கள்.

இன்னொன்றும் மிஞ்சியது. அவர் உருவாக்கிய ஒரு ஷண்டிங் விளையாட்டு. பெயர் டைம்சேவர், அதாவது நேரத்தை மிச்சப்படுத்துவது. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1972 நவம்பரில்தான் அது பத்திரிகையில் வந்தது. ஒரு பலகையில் சில குட்டைத் தண்டவாளங்கள், ஒரு சின்ன எஞ்சின், சில பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இடம் குறைவு என்பதால் ஒன்றை வைக்க இன்னொன்றை எடுக்க வேண்டியிருக்கும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெற்றவர்.

ரயில் இல்லாமலே இதை நீங்கள் விளையாடலாம். ஒரு சார்ட் அட்டையில் நீளமாக ஒரு கோடு, அதிலிருந்து பிரியும் ஐந்து குட்டைக் கோடுகள் போடுங்கள். தீப்பெட்டிகள்தான் சரக்குப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதிக்கொள்ளுங்கள். அழிப்பான் எஞ்சின். எந்தப் பெட்டி எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதை நண்பர் சொல்லட்டும். தீப்பெட்டியைக் கையால் தூக்கி வைக்கக் கூடாது, எஞ்சினால் தள்ளவும் இழுக்கவும் மட்டுமே செய்யலாம். நேரம் பார்க்கப் பக்கத்தில் ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.