பனியில் பாதை தேடிய மெக்கானிக்



பிளாஸ்டிக் கட்டைகளை வெச்சு ஒரு பனி வண்டி கட்டிப் பார்க்கணும்னு எப்போதாவது தோணியிருக்கா? லெகோ டெக்னிக் மாதிரி ஒரு செட், ஒன்றிரண்டு சின்ன மோட்டார், ஒரு பேட்டரி பெட்டி, கண்ணி கண்ணியாகக் கோர்க்கிற பிளாஸ்டிக் பட்டை. இவ்வளவு இருந்தால் ஒரே சாயங்காலத்தில் வண்டி தயார். மேஜை மேல் ஜோராக ஓடும்.

அதையே கொஞ்சம் மரத்தூளிலோ உமியிலோ இறக்கி விட்டுப் பாருங்க. ஸ்ப்ராக்கெட் சுத்தும், பட்டை நகராது. இல்லைன்னா பட்டை கழன்று விழும். இல்லைன்னா வண்டி மூக்கை உள்ளே குத்திக்கொண்டு நிற்கும். மோட்டாரைக் குறை சொல்ல முடியாது, அது பாட்டுக்குச் சுத்திக்கொண்டுதான் இருக்கும். மோட்டாரின் சக்தியைத் தரைக்குக் கொண்டு போகிற இடத்தில்தான் சிக்கல்.

இதே சிக்கலோடு கனடாவில் ஒருவர் கிட்டத்தட்ட பத்து வருஷம் மல்லுக்கட்டினார். அவர் கட்டியது பொம்மை இல்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய நிஜ வண்டி. அவர் பெயர் ஜோசஃப் ஆர்மன்ட் பொம்பார்டியே. டெல்லி மெட்ரோவுக்கு ரயில் பெட்டிகள் செய்து கொடுத்த பாம்பார்டியர் கம்பெனி தெரியும் இல்லையா? அந்தப் பெயர் இவருடையதுதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கம்பெனி ரயிலும் செய்யவில்லை, விமானமும் செய்யவில்லை. பனியிலும் சேற்றிலும் போகிற வண்டிகளைத்தான் செய்தது.

சுருட்டுப் பெட்டியும் பழைய கடிகாரமும்

1907 ஏப்ரல் 16. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் மூத்த பிள்ளை. அந்தக் காலத்தில் லெகோ கிடையாது. ஆனால் சுருட்டுப் பெட்டிகள் இருந்தன, பழுதான கடிகாரங்கள் இருந்தன. பெட்டி உடம்பு ஆனது, கடிகாரத்தின் சுருள்வில்லும் பல்சக்கரங்களும் மோட்டார் ஆனது. அதை வைத்துச் சின்னச் சின்ன வண்டிகளும் ரயில்களும் செய்து ஓட்டினார். கையில் கிடைத்ததைக் கோர்த்து ஓட வைப்பது என்ற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

மகன் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்த அப்பா, ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி காரைக் கொடுத்தார். 1922 டிசம்பர் 31 அன்று வால்கூர் தெருவில் ஒரு வினோதம் ஓடியது. பனிச்சறுக்கு வண்டி ஒன்றின் மேல் அந்த ஃபோர்டு இன்ஜின், அதன் பின்னால் விமானத்தில் இருப்பது போல ஒரு மரத்தாலான புரொப்பெல்லர். முன்னால் தம்பி லெயோபோல்ட் உட்கார்ந்து திருப்ப, அண்ணன் இன்ஜினைப் பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு அப்போது வயது 15.

வண்டி ஓடியது. ஆனால் மூடி இல்லாமல் சுழலும் புரொப்பெல்லர் பக்கத்தில் யாராவது போனால் என்ன ஆகும்? பிரித்துப் போடச் சொல்லிவிட்டார் அப்பா. யோசித்தால் அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் டிசைன் ரிவ்யூ. காற்றைத் தள்ளி ஓடுவது பனியில் நடக்கும், ஆனால் ஊருக்குள் உதவாது. பனியையே பிடித்துக்கொண்டு போகிற வழி வேண்டும்.

பையன் பாதிரியார் ஆகணும் என்பது வீட்டின் ஆசை. அதற்காக ஷெர்புரூக் நகரில் இருந்த மதப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். 17 வயதில் அப்பாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, ஒரு கராஜில் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போய்விட்டார். பிறகு மான்ட்ரியால். பகலில் வேலை, இரவில் மெக்கானிக்ஸும் எலெக்ட்ரிக்கலும் படிப்பு. 1926-ல், 19 வயதில், ஊருக்குத் திரும்பிச் சொந்தக் கராஜ் திறந்தார். கவனிங்க, கடைசி வரை அவரிடம் இன்ஜினியரிங் டிகிரி இல்லை. (இதைக் காட்டி வீட்டில் வாதாடாதீங்க. அவர் இரவில் படித்தது நம்ம சிலபஸைவிடக் குறைவாக இருந்திருக்காது!)

குளிர்காலம் வந்தால் கராஜ் காலி

அந்த ஊரில் கோடையில்தான் கார் ஓடும். பனி விழுந்ததும் சாலையே மறைந்துவிடும். யாரும் சாலையைச் சுத்தம் செய்வதில்லை. காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு எல்லாரும் குதிரை வண்டிக்கு மாறிவிடுவார்கள். அதனால் குளிர்கால மாதங்களில் மெக்கானிக்குக் கையில் நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் பனி வண்டிகளைக் கட்டினார், ஓட்டினார், பிரித்தார், மறுபடி கட்டினார்.

அவர் முதல் ஆள் இல்லை. ரஷ்ய ஜார் மன்னரின் கார்களுக்கு ரப்பர் பட்டை மாட்டிப் பனியில் ஓட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த அடோல்ஃப் கெக்ரெஸ். அமெரிக்காவில் வர்ஜில் ஒயிட் என்பவர் ஃபோர்டு மாடல் டி-க்கு முன்னால் ஸ்கீயும் பின்னால் பட்டையும் மாட்டும் செட்டையே விற்றார். ஆனால் அவை சக்கரக் காரைப் பனிக்காக மாற்றியவை. ஆழமான, உதிரிப் பனிக்கு அது போதவில்லை.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 1000 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டயரும் 150 சதுர செ.மீ. அளவுக்குத் தரையைத் தொடுகிறது. நாலு டயருக்கு 600. அப்போ ஒரு சதுர செ.மீ. மேல் சுமார் 1.7 கிலோ அழுத்தம். அதே எடையை 40 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் தரையைத் தொடும் இரண்டு பட்டைகள் மேல் வையுங்க. பரப்பு 12,000 சதுர செ.மீ. அழுத்தம் 0.08 கிலோ. இருபதில் ஒரு பங்கு! ஒன்று புதையும், இன்னொன்று மிதக்கும்.

பேப்பரில் இவ்வளவு சுலபம். நிஜத்தில் இரண்டு தடைகள். ஒன்று எடை. அன்றைய கார் இன்ஜின்கள் கனமானவை. ஒருவர், இருவர் போகிற சின்ன வண்டியில் அதை வைத்தால் வண்டி மூழ்கும். இரண்டாவது ஸ்ப்ராக்கெட். உலோகப் பல்லுக்கு நடுவில் பனி போய் அடைத்து, இறுகி, ஐஸ் ஆகிவிடும். பல் மறைந்துபோனால் ஸ்ப்ராக்கெட் வெறும் உருளைதான். பட்டை வழுக்கும் அல்லது கழன்றுவிடும்.

1934

1929-ல் யுவோன் லப்ரெக்கைத் திருமணம் செய்தார். குழந்தைகள் பிறந்தன. 1934 குளிர்காலத்தில் அவர்களுடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி வந்து உள்ளே சீழ் பரவியது. உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரி ஷெர்புரூக்கில், சுமார் 50 கி.மீ. தூரம். சாலை முழுக்கப் பனி. அப்பாவின் கராஜில் பனி வண்டி வேலைகள் இருந்தன, ஆனால் குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்புகிற நிலையில் ஒன்றுகூட இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

மகன் இறந்ததால்தான் அவர் பனி வண்டியைக் கண்டுபிடித்தார் என்று சுருக்கமாகச் சொல்வதுண்டு. வருஷத்தைப் பாருங்க. அவர் அதற்கு முன்பே எட்டு வருஷமாக அந்த வேலையில்தான் இருந்தார். அதனால்தான் அந்த இழப்பு இன்னும் கனமாகிறது. எதுவும் தெரியாத ஒருவருக்கு நேர்ந்தது இல்லை அது. முக்கால்வாசி விடை கையில் வைத்திருந்தவருக்கு நேர்ந்தது. புராஜெக்ட்டில் எண்பது சதவீதம் முடிந்தது என்று நாம சொல்வோமே, ஓடாத வண்டிக்கு அந்த எண்பதால் ஒரு பயனும் இல்லை.

ரப்பர் பல்

அடுத்த வருஷம், 1935-ல், விடை கிடைத்தது. பெரிய இன்ஜின் இல்லை, புது எரிபொருளும் இல்லை. ஸ்ப்ராக்கெட்டின் மேல் ரப்பர். பட்டைக்கு இரண்டு ரப்பர் பெல்ட், அவற்றை இணைக்கக் குறுக்கே எஃகுப் பட்டிகள். ரப்பர் மூடிய பல் அந்தக் குறுக்குப் பட்டிகளைப் பிடித்து இழுக்கும். ரப்பர் வளைந்து கொடுப்பதால் ஐஸ் ஒட்டிக்கொண்டு இறுகாது, உதிர்ந்துவிடும். சத்தமும் குறைவு. 1937 ஜூனில் இதற்கு கனடாவில் காப்புரிமை கிடைத்தது.

இந்த அமைப்போடு வந்த வண்டிதான் பி7. 'பி' என்பது அவர் பெயர், 7 என்பது பயணிகள். முன்னால் திருப்புவதற்கு ஸ்கீ, பின்னால் பட்டை, மேலே பிளைவுட்டால் மூடிய கூடு. யார் வாங்கினார்கள் தெரியுமா? டாக்டர்கள், பாதிரியார்கள், தபால் கொண்டு போகிறவர்கள், வாடகை வண்டி ஓட்டுபவர்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அது பயன்பட்டது. மகனுக்குக் கிடைக்காத வண்டி மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

தேவை கூடியதும் வால்கூரிலேயே புதுத் தொழிற்சாலை கட்டினார். 12 பேர் போகும் பி12 வந்தது. அதில் ஒரு சின்ன மாற்றத்தைக் கவனிங்க. ஆரக்கால் சக்கரங்களின் இடுக்கில் பனி அடைத்ததால், இடுக்கே இல்லாத தட்டுச் சக்கரமாக மாற்றினார். இன்ஜின் பின்பக்கம் இருந்தது, அதனால் எடை ஸ்கீ மேல் விழாமல் பட்டை மேல் விழுந்தது. 1942-ல் கம்பெனியை முறைப்படி பதிவு செய்தார். போர்க் காலத்தில் ராணுவத்துக்கான பனி வண்டிகளும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பெரிய வண்டியும் வந்தன.

சாலை திறந்தது, வியாபாரம் சரிந்தது

1948-ல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனியை அகற்ற முடிவு செய்தது. ஊருக்கு நல்ல செய்தி. 1934-ல் அந்த 50 கி.மீ. சாலை திறந்திருந்தால் சாதாரணக் காரே போதுமாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய பனி வண்டிக்கு அது பெரிய அடி. விற்பனை சடசடவென்று விழுந்தது.

அவர் என்ன செய்தார்? சாலை போகாத இடம் எதுன்னு தேடினார். விவசாய டிராக்டரின் சக்கரத்துக்கு மேல் மாட்டும் பட்டை செய்தார். 1953-ல் சதுப்பு நிலத்துக்கான 'மஸ்கெக்' டிராக்டர் வந்தது. பனியில் புதையாத பட்டை சேற்றிலும் புதையாது, அதே 0.08 கணக்குதான். காட்டிலும், மின்கம்பி போடும் இடங்களிலும், எண்ணெய் தேடும் வேலைகளிலும் அது ஓடியது.

ஒருவர் இருவர் போகிற சின்ன வண்டி என்ற பழைய கனவு மட்டும் பாக்கி இருந்தது. 1950-களில் எடை குறைந்த இன்ஜின்கள் வந்தன. மகன் ஜெர்மெய்ன் இணைப்பே இல்லாத ஒரே துண்டு ரப்பர் பட்டையை உருவாக்கினார். இரண்டும் சேர்ந்ததும் 1959-ல் ஸ்கீ-டூ பிறந்தது. நாய் இழுக்கும் வண்டிக்கு மாற்று என்பதால் 'ஸ்கீ-டாக்' என்றுதான் பெயர் வைத்தார்கள், அச்சுப் பிழையால் 'ஸ்கீ-டூ' ஆனது என்று ஒரு கதை உண்டு. முதல் குளிர்காலத்தில் 225 வண்டிகள். சில வருஷங்களில் வட கனடாவிலும், பின்லாந்தின் வடக்கே கலைமான் மேய்ப்பவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

1964 பிப்ரவரி 18 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 56. அவர் பெயரில் 40-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள்.

இப்போ உங்க மேஜைக்கு வருவோம்

பிளாஸ்டிக் கட்டையில் கட்டும்போது இவரிடமிருந்து நேராக எடுத்துக்கொள்ள வேண்டியவை:

- பேட்டரி பெட்டிதான் வண்டியிலேயே கனமானது. அதை முன்னால் வைக்காதீங்க, பட்டைக்கு மேலே வையுங்க. பி12-ன் இன்ஜின் போல.
- வழுவழுப்பான பிளாஸ்டிக் கண்ணி வழுக்கும். கண்ணியின் துளைகளில் செருகுகிற ரப்பர் துண்டுகள் கிடைக்கும், அதைப் போடுங்க.
- மோட்டாரை நேராக ஸ்ப்ராக்கெட்டில் மாட்டாதீங்க. 8 பல் சக்கரத்திலிருந்து 24 பல் சக்கரத்துக்கு மாற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும், டார்க் ஏறக்குறைய மூன்று மடங்காகும்.
- பட்டையை விறைப்பாகக் கோர்த்தால் மோட்டார் திணறும், ரொம்பத் தளர்த்தினால் கழன்று விழும். ஒரு கண்ணி கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பாருங்க.
- இரண்டு மோட்டார் வைத்தால் ஒன்று கொஞ்சம் வேகமாகச் சுத்தி வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். ஒரே மோட்டார், நடுவில் டிஃபரென்ஷியல், முன்னால் ஸ்கீ என்று போனால் நேராகப் போக வைப்பது சுலபம்.
- மேஜையில் ஓடுவதைக் கணக்கில் எடுக்காதீங்க. மரத்தூளில் ஓடணும். ஓடி முடித்ததும் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் பல்லுக்கு நடுவில் எவ்வளவு தூள் அடைத்திருக்கிறது என்று பாருங்க.

அந்தக் கடைசி வேலையைக் கண்டிப்பாகச் செய்யுங்க. வால்கூர் கராஜில் அவர் வருஷக்கணக்கில் எதைச் சுரண்டிக்கொண்டிருந்தார் என்று உங்க விரலுக்கே புரியும். வண்டி ஓடினால் படம் எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. ஓடாவிட்டாலும் அனுப்புங்க, எங்கே மாட்டியது என்று சேர்ந்து பார்ப்போம்.