சணலை முறுக்கி அலையைத் திருப்பியவர்! ஜகதீஷ் சந்திர போஸ் செய்தது என்ன?

ரயில் டைம்டேபிள் புத்தகத்தை வைத்து என்ன செய்யலாம்? ரயில் நேரம் பார்க்கலாம், அவ்ளோதானே! ஜகதீஷ் சந்திர போஸ் அதை இயற்பியல் கருவியாகவே மாற்றிவிட்டார்.

பக்கங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகி, விளிம்பு வழியாக மின்காந்த அலையைச் செலுத்தினார். தாள்களுக்குக் குறுக்காக அதிரும் அலை மறுபக்கம் வந்தது. இணையாக அதிரும் அலை வரல! அலை இப்படி ஒரே திசையில் அதிர்வதுதான் ‘போலரைசேஷன்’. பள்ளிப் பாடத்தில் படித்த அதே தளவிளைவு.

சம்பளமே வேண்டாம்!

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார் போஸ். மருத்துவம் படிக்க லண்டன் போனார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்துத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார்.

வேலை கிடைத்தது, சம மரியாதை கிடைக்கல. ஐரோப்பியப் பேராசிரியர்களைவிட இந்தியர்களுக்குச் சம்பளம் குறைவு. போஸ் வேலையை விடவில்லை. தினமும் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. அதுவும் மூன்று ஆண்டுகள்! கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

நல்ல ஆய்வுக்கூடமும் இல்லை. சின்ன அறை ஒன்றில், உள்ளூர் தகர வேலைக்காரரின் உதவியோடு கருவிகளைச் செய்தார். அவற்றில் பிறந்த அலையின் நீளம் 5 மில்லிமீட்டர் வரை குறைந்தது. அலையைக் கண்டறிய அவர் பயன்படுத்திய கலீனா என்ற ஈயத் தாது ஒரு குறைக்கடத்தி, அதாவது செமிகண்டக்டர். காப்புரிமையில் ஆர்வமில்லாத அவருக்கு, நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

முறுக்கில் இருக்கு சூட்சுமம்

சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிடும். காரணம் மூலக்கூறின் முறுக்கான அமைப்பா? சோதித்துப் பார்க்க போஸ் எடுத்தது சணல்! வலப்பக்கம் முறுக்கிய சணல் கட்டு, அலையின் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. இடப்பக்கம் முறுக்கியது எதிர்ப்பக்கம் திருப்பியது. 1898-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பொருள் ஒன்றுதான்; வடிவம் மாறினால் அலை மாறுகிறது.

இன்றைய சிப்பில்...

ஒளியால் தகவல் கடத்தும் சிலிக்கான் சிப்களிலும் இதே சிக்கல்தான். அவற்றில் ஒளி ஓடும் பாதை சுமார் 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். அகலமும் உயரமும் வேறு என்பதால், கிடையாக அதிரும் ஒளியும் செங்குத்தாக அதிரும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் போகும். கண்ணாடி இழையிலிருந்து வரும் ஒளியோ எந்தத் திசையிலும் அதிரலாம். கண்டுக்காம விட்டால் சிக்னல் கெடும்.

அதனால், அலைநீளத்தைவிடச் சிறிய வரிப்பள்ளங்களைச் செதுக்கி ஒளியைப் பிரிக்கிறார்கள். பாதையின் வடிவத்தை மாற்றி அதிர்வுத் திசையைத் திருப்புகிறார்கள். டைம்டேபிளிலும் சணலிலும் போஸ் பார்த்த அதே தத்துவம்தான், நானோ அளவில்.

1917-ல், தன் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல், 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு காலமானார். சின்ன அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர், அடுத்த தலைமுறைக்கு ஒரு நிறுவனத்தையே விட்டுச்சென்றார்.