ஓட்டு மெஷினும் எழுத்தாளர் சுஜாதாவும்

தேர்தலுக்கு முதல் நாள் நம்ம வகுப்பறை பெஞ்சையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைப்பாங்களே, அதை உருவாக்கியவர்களில் ஒரு கதாசிரியரும் உண்டு தெரியுமா? கணேஷ் – வசந்த் துப்பறியும் நாவல்களை எழுதிய சுஜாதாதான் அவர்.

நிஜப் பெயர் ரங்கராஜன். 1935 மே 3-ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும், சென்னை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்தார். அப்துல் கலாம் படித்ததும் இதே இரண்டு இடங்களில்தான்! பிறகு விமானப் போக்குவரத்துத் துறையில் கொஞ்ச காலம், அப்புறம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். (திருச்சி பெல் வேறு, இது வேறு.) குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று மனைவி பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஓட்டு மெஷின் செய்தன. பெங்களூரில் அதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்த்தவர் சுஜாதா. அதற்காக வாஸ்விக் விருதும் கிடைத்தது. 1982-ல் கேரளாவில் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மெஷின் வந்தது. ஆனால் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்சநீதிமன்றம் நிறுத்திவிட்டது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாடு முழுக்க மெஷினில் ஓட்டுப் போட்டது 2001 சட்டமன்றத் தேர்தலில்.

நம்ம கல்வராயன் மலைக்கு இது பெரிய விஷயம். ஜாகீர்தார்களிடம் இருந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். மலை மக்களுக்கு ஓட்டுரிமை 1996-ல்தான் கிடைத்தது என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்ற வழக்கில் பேசப்பட்டது. அவ்வளவு லேட்டாக வந்த ஓட்டு, ஐந்தே வருஷத்தில் பேப்பரிலிருந்து சில்லுக்குள் போய்விட்டது. அங்கே அது பத்திரமாக இருக்குமா?

சில்லுக்குப் பூட்டு போடும் விதம் ஒன்றல்ல. முதல் வகை பாஸ்வேர்டு. ஃப்ளாஷ் மெமரி என்பது கரண்ட் போனாலும் மறக்காத சில்லு. மெல்லிய கண்ணாடி போன்ற படலத்துக்கு நடுவே எலெக்ட்ரான்களைச் சிறைவைத்து ஞாபகம் வைக்கிறது. சில சீரியல் ஃப்ளாஷ் சில்லுகளில் 64 பிட் பாஸ்வேர்டு ஒன்றை உள்ளேயே எழுதி மூடிவிடலாம். அதற்கப்புறம் அதை யாராலும் படிக்க முடியாது. நாம் அனுப்பும் பாஸ்வேர்டைச் சில்லே ஒப்பிட்டுப் பார்க்கும். சரியென்றால் எழுத விடும், தப்பென்றால் விடாது. தப்பு செய்தால் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் காக்கவும் வைக்கும். இதென்ன பிரமாதம் என்கிறீங்களா? எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க சுமார் 5.8 கோடி வருஷம் ஆகும். கணக்கு சார்கிட்டே சரிபார்த்துக்கொள்ளலாம்!

ஓட்டு மெஷின் வேறு வழியில் போனது. அதன் புரோகிராம் இருக்கும் சில்லில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். பாஸ்வேர்டு என்றால் தெரிந்தவன் திறந்துவிடுவான். இங்கே திறக்கக் கதவே இல்லை, செங்கல் வைத்துக் கட்டியாச்சு. வெளியே நெட்வொர்க்கும் கிடையாது. ஓட்டுப்பதிவு முடிந்து குளோஸ் பட்டனை அமுக்கினால் அப்புறம் ஒரு ஓட்டும் ஏறாது.

இந்தச் சில்லு சமாச்சாரத்தையெல்லாம் சிலிக்கன் சில்லுப் புரட்சி என்ற புத்தகத்தில் நம்மைப் போன்றவர்களுக்காகவே சுஜாதா தமிழில் எழுதினார். ஏன் எதற்கு எப்படி என்ற கேள்வி-பதில் தொடரும் அவருடையதுதான். 2008 பிப்ரவரி 27-ல் சென்னையில் காலமானார்.

அவர் போன பிறகு ஒரு சோதனை வந்தது. 2010-ல் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு மெஷினைத் திறந்து பார்த்தார்கள். புரோகிராமுக்குத்தான் சுவர், ஓட்டு எண்ணிக்கை தனி மெமரிச் சில்லுகளில் பூட்டில்லாமல் இருந்தது. கிளிப் மாதிரி ஒரு கருவியை அதில் மாட்டி எண்ணிக்கையை மாற்றிக் காட்டினார்கள். மெஷின்கள் சீல் வைத்த அறையில் காவலோடு இருக்கின்றன, யார் கைக்கும் அப்படிக் கிடைக்காது என்றது தேர்தல் ஆணையம். என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் சொன்னதில் நியாயம் இருக்கு. சில்லுக்குள் பூட்டு இல்லாதபோது, அறைக் கதவில் தொங்கும் அரக்கு சீல்தான் பூட்டு.

2013-க்குப் பிறகு வந்த எம்-3 மெஷினைத் திறக்க முயன்றால் அது வேலை செய்யாமல் நின்றுவிடும். எந்தச் சின்னத்துக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் காகிதச் சீட்டும் இப்போது உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும், பிறகு பெட்டிக்குள் விழும். 2024-ல் உச்சநீதிமன்றம் இன்னொன்றும் சேர்த்தது: இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் கேட்டால், 5 சதவீத மெஷின்களின் சில்லைப் பொறியாளர்கள் சோதித்துக் காட்ட வேண்டும்.