களிமண்ணில் பிறந்த டைனோசர்!

மூன்று கொம்பு டைனோசர் பொம்மை பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? அந்த விலங்குக்கு ஓவியத்தில் உயிர் கொடுத்தவர், சார்லஸ் நைட்.

அமெரிக்காவின் புரூக்ளினில், 1874ல் பிறந்தார். சிறு வயதிலேயே பார்வைக் குறைபாடு. 6 வயதில், கல் பட்டு வலது கண்ணும் பாதித்தது. ஆனாலும், தாளுக்கு மிக அருகில் முகத்தை வைத்து வரைந்து பழகினார்.

யாரும் பார்த்திராத டைனோசரை எப்படி வரைவது? எலும்புகளை ஆராய்ந்தார், உயிருள்ள விலங்குகளின் தசைகளைக் கவனித்தார். முதலில் களிமண்ணில் சிறிய மாதிரி செய்து, நிழல் விழும் விதத்தைப் பார்த்த பிறகே, வண்ணம் தீட்டினார்.

கடந்த 1925ல் வெளிவந்த, 'தி லாஸ்ட் வேர்ல்டு' படத்துக்கு, அவரது ஓவியத்தைப் பார்த்தே கொம்பு டைனோசர் மாதிரி ஒன்றைச் செய்தனர். சிகாகோ பீல்டு அருங்காட்சியகத்துக்கு, 28 சுவரோவியங்கள் வரைந்தார். அதில் ஒன்றில், ட்ரைசெராடாப்சும், டைரனோசரசும் மோதத் தயாராக நிற்கின்றன.

நைட், 1953ல் மறைந்தார். மங்கிய கண்களால் அவர் கண்ட உலகை, நாம் இன்றும் தெளிவாகப் பார்க்கிறோம்!