அன்னா மணி

1918இல் திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்தவர் அன்னா மணி. எட்டாவது பிறந்தநாளில் வைரத் தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் கேட்டவர், பின்னர் பெங்களூரில் சி. வி. இராமனிடம் வைரங்களையே ஆராய்ந்தார்! ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டும், முதுமாணிப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

இலண்டனில் வானிலைக் கருவிகள் பற்றிக் கற்று, 1948இல் இந்திய வானிலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். 1957-58இல் சூரியக் கதிர்ப்பை அளக்கும் நிலையங்களை அமைத்தார். நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிறோமே, அதைப்போலவே இக்கருவியும் தொடாமல் வெப்பத்தை உணர்வது. கண்ணாடியில் தூசு படிந்தாலோ கறுப்புப் பூச்சு மங்கினாலோ பிழையான எண்ணைக் காட்டும். ஆகவே நியமக் கருவியோடு ஒப்பிட்டு அளவுகோடிடுவதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிழையான அளவீட்டைவிட அளவிடாமல் விடுவதே மேல் என்று கருதினார்.

2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் பெறாத அந்த ஆய்வேடு பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவக நூலகத்தில் இருக்கிறது.