மேடைப் பாட்டைத் திரையில் ஏற்றிய ஏழிசை மன்னர்

நம் தாத்தா பாட்டிமார் காலத்தில், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். அன்று பால்மரத் தோப்பில் வேலை முடிந்ததும் லயத்து வீடுகளில் எல்லாம் ஒரே பரபரப்பாக இருக்கும். பாயை எடுத்துக்கொண்டு முன்னதாகவே இடம் பிடிக்கப் போவார்கள். அக்காலத்தில் அவர்கள் உள்ளங்களை ஆண்ட குரல்களுள் தலையாயது எம். கே. தியாகராஜ பாகவதரின் குரல். நாடக மேடையில் வளர்ந்த இசையைத் திரைப்படத்திற்குக் கொண்டு வந்தவர்களுள் அவர் முதல் வரிசையில் நிற்பவர். அவருடைய வரலாற்றை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதுகிறோம்.

இளமை

இன்று மயிலாடுதுறை என வழங்கும் ஊருக்கு அந்நாளில் மாயவரம் என்பது பெயர். அங்கே 1910 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் தியாகராஜன் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரி பொற்கொல்லர். பிழைப்பின் பொருட்டுக் குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்கோ தட்டார் தொழிலிலும் நாட்டமில்லை, ஏட்டுப் படிப்பிலும் நாட்டமில்லை. எங்கே பாட்டுக் கேட்டாலும் அங்கே நின்றுவிடுவான். ஒருமுறை வீட்டை விட்டே ஓடிப்போனான். பல இடங்களில் தேடிய தந்தையார், தொலைவிலுள்ள கடப்பையில், பெருங்கூட்டத்தின் நடுவே தம் மகன் பாடிக்கொண்டு நிற்பதைக் கண்டார் என்பர். அன்றே தந்தையின் மனம் மாறிற்று.

திருச்சியில் இரயில்வே அதிகாரியாக இருந்த எப். ஜி. நடேச ஐயர் நாடகக் கலையில் பேரார்வம் உடையவர். ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர். சிறுவனின் குரலைக் கேட்டு மகிழ்ந்த அவர், அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க வைத்தார். பிறகு வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் தியாகராஜன் முறையாக இசை பயின்றார். இயற்கை கொடுத்த குரலே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இதனை நம் பிள்ளைகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நாடக மேடை

அக்கால நாடக மேடையை நாம் மனக்கண்ணால் காண முயல்வோம். ஒலிபெருக்கி இல்லை. இரவு தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். நடிகர் பேசுவதை விடப் பாடுவதே மிகுதி. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் பாட்டு எட்ட வேண்டுமாதலால், உயர்ந்த சுருதியில் உரத்துப் பாட வேண்டும். ஆர்மோனியக்காரர் ஒருபுறம் ஈடு கொடுப்பார். பாட்டுப் பிடித்துவிட்டால் மக்கள் மறுமுறையும் பாடச் சொல்லிக் கூவுவர். நடிகரும் கதையை நிறுத்திவிட்டு மீண்டும் பாடுவார்.

இத்தகைய மேடையில்தான் தியாகராஜ பாகவதர் 'பவளக்கொடி' நாடகத்தில் அருச்சுனனாகத் தோன்றிப் பெரும்புகழ் பெற்றார். மகன் கேட்ட பவளத் தேருக்காகப் பவளம் தேடிச் சென்ற அருச்சுனன், பவளக்கொடி என்னும் மங்கையைக் கண்டு மணப்பதே அக்கதை. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் மேடைக்கு அமைத்துத் தந்த கதைகளுள் அதுவும் ஒன்று. எஸ். டி. சுப்புலட்சுமி கதாநாயகியாக உடன் நடித்தார்.

திரையில் பவளக்கொடி

1931 இல் தமிழ்ப் பேசும் படம் பிறந்தது. அப்புதிய கலைக்குக் கதையும் பாட்டும் வேண்டியிருந்தன. அவை இரண்டும் நாடக மேடையில் குவிந்து கிடந்தன. 'பவளக்கொடி' நாடகத்தைப் படமாக்க இலட்சுமணச் செட்டியார் முன்வந்தார். கும்பகோணத்து வழக்கறிஞர் கே. சுப்பிரமணியம் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அதுவே அவர் இயக்கிய முதற்படம். பாகவதருக்கும் அதுவே முதற்படம். பாபநாசம் சிவன் பாடல்களை அமைத்தார். மேடையில் உடன் நடித்த சுப்புலட்சுமியே திரையிலும் பவளக்கொடியானார்.

நன்றாக நடந்த நாடகந்தானே, அப்படியே படம் பிடித்துவிடலாமே என்று நமக்குத் தோன்றலாம். செயலில் அது எளிதாக இல்லை. விடியும்வரை நடந்த கதை, ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்க வேண்டும். ஆயினும் பாட்டைக் கேட்கவே மக்கள் வருவார்கள் என்பதால் பாட்டைக் குறைக்க மனம் வரவில்லை. சுமார் 50 பாடல்கள் படத்தில் இடம் பெற்றன. காட்சிகள் நாடகச் சாயலை விட்டு வெகுதூரம் விலகவில்லை.

பின்னணியில் வேறொருவர் பாட, நடிகர் வாயசைக்கும் முறை அன்று தமிழ்ப் படத்திற்கு வரவில்லை. படக்கருவியின் முன் நின்று நடித்துக்கொண்டே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாதபடி மறைவில் அமர்ந்து வாசிப்பார்கள். மேடையில் ஒரு சொல் பிழைத்தால் அது அந்த இரவோடு போய்விடும். திரையிலோ பிழை படச்சுருளில் பதிந்து ஊர்தோறும் போகும். ஆகவே பிழை நேர்ந்தால் காட்சியை மீண்டும் எடுக்க வேண்டும். கடைசி வரிசைக்குப் பாடிப் பழகிய குரலை, அருகிலிருக்கும் ஒலிவாங்கிக்கு ஏற்ப அடக்கிப் பாடவும் பழக வேண்டும். கைதட்டி ஊக்குவிக்கவும் எதிரே மக்கள் இல்லை.

சென்னை அடையாற்றில் திறந்த வெளியில் கதிரவன் ஒளியிலேயே படப்பிடிப்பு நடந்தது. மேகம் மறைத்தால் வேலை நின்றுவிடும். மேகம் விலகினாலோ வேறொரு தொல்லை காத்திருக்கும். நடுப்பகல் உணவு முடிந்ததும் எஞ்சிய சோற்றை நாடிக் காக்கைகள் கூட்டமாக வந்து கரையும். அவ்வொலியும் பாட்டோடு பதிந்துவிடும்! அதனால் காக்கைகளைத் துப்பாக்கி கொண்டு விரட்டுவதற்கென்றே ஓர் ஆளை வேலைக்கு அமர்த்தினார்கள். இவ்வளவு இடையூறுகளையும் பொறுத்துக்கொண்டுதான் பாகவதர் பாடினார். 1934 இல் படம் வெளிவந்தது. நாடகக் கொட்டகையின் வாயிலைக் காணாதவர்களும் அவர் பாட்டைக் கேட்டனர்.

இதன் அருமை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பாகவதருக்கு முன்பே மேடையில் ஈடிணையின்றி விளங்கியவர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் 1933 டிசம்பரில், முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். பேசும் படம் எதிலும் அவர் நடித்ததில்லை. அவருடைய குரல் சில இசைத்தட்டுகளில் மட்டுமே எஞ்சியது. மேடையில் அவர் நின்ற தோற்றத்தையும் நடித்த அழகையும் அன்று கண்டவர்கள் தவிர வேறு யாரும் அறியார்.

ஏற்றமும் இறக்கமும்

பாகவதரின் புகழ் படத்திற்குப் படம் வளர்ந்தது. 1937 இல் வந்த 'சிந்தாமணி' ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதில் கிடைத்த வருவாயைக் கொண்டு மதுரையில் அப்படத்தின் பெயரிலேயே ஒரு திரையரங்கு கட்டினார்கள். 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என வெற்றிகள் தொடர்ந்தன. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

ஆனால் அதே 1944 டிசம்பரில் அவர் வாழ்வில் இருள் சூழ்ந்தது. பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குப் பின் 1947 இல் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர். 'ஹரிதாஸ்' அரங்கு நிறைந்து ஓடியபோது, அதன் நாயகர் சிறையில் இருந்தார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

அவர் மீண்டு வந்தபோது திரையுலகம் மாறத் தொடங்கியிருந்தது. பாட்டுக்கு முதலிடம் தந்த படம், நாளடைவில் வசனத்திற்கு முதலிடம் தந்தது. மேடையிலிருந்து திரைக்கு ஒருமுறை தம்மை மாற்றிக்கொண்டவரால் மறுமுறை மாறிக்கொள்ள இயலவில்லை. 'ராஜமுக்தி', 'அமரகவி' முதலிய படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. எனினும் பாடுவதை அவர் விடவில்லை. 1959 நவம்பர் முதல் நாள், தம் நாற்பத்தொன்பதாம் வயதில், சென்னை அரசினர் மருத்துவமனையில் காலமானார். நடித்தவை 14 படங்களே. இறுதிப் படமான 'சிவகாமி' அவர் மறைவுக்குப் பின் 1960 இல் வெளிவந்தது.

மாணவச் செல்வங்களே! ஒரு மேடையில் நன்றாகப் பாடுகிறவர் மற்றொரு மேடைக்குச் சென்றால் மீண்டும் மாணவராக வேண்டும். புகழ் பெற்ற பின்னும் அதற்கு நாணாமல், வெயிலிலும் காக்கைக் கூச்சலிலும் நின்று புதிதாகக் கற்றவர் பாகவதர். அதனாலன்றோ, விடியலோடு மறைந்திருக்க வேண்டிய மேடைப் பாட்டு கடல் கடந்து நம் தோட்டத்துத் திடலுக்கும் வந்து சேர்ந்தது! நம் பள்ளி ஆண்டு விழா மேடையில் நீங்கள் பாடும்போது அப்பெருமகனாரை ஒருகணம் நினைவில் கொள்ளுங்கள். வீட்டில் பெரியோர் இருப்பின், அவர்கள் கேட்டு மகிழ்ந்த பாகவதர் பாட்டு எது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் பாடிக் காட்டினால் நாமும் மகிழ்வோம்.