வளியில் மறைந்திருந்ததை அளந்தவர்

பூமி வெப்பமடைவது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் காபனீரொட்சைட்டைக் குறிப்பிடுகின்றோம். அவ்வாயு வெப்பத்தை உறிஞ்சும் அளவைப் பரிசோதனை மூலம் நிறுவிய யோன் டின்டாலையோ மறந்துவிட்டோம்.

1820 இல் அயர்லாந்தின் கார்லோ பகுதியில் எளிய குடும்பமொன்றில் பிறந்த டின்டால், நில அளவையாளராகவே தொழிலை ஆரம்பித்தார். பின்னர் தமது சேமிப்புடன் ஜேர்மனி சென்று மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1853 இல் இலண்டன் றோயல் நிறுவனத்தில் பேராசிரியரானார்.

சூரிய ஒளியை உள்ளே விடும் வளிமண்டலம், பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அவ்வளவு எளிதாக விடுவதில்லை என்பதைப் பிரான்சிய அறிஞர் பூரியே 1820களில் எடுத்துரைத்திருந்தார். ஆயின் வளியின் எக்கூறு அதனைத் தடுக்கின்றது? 1859 இல் டின்டால் இதனை ஆராயத் தொடங்கினார். நீண்ட பித்தளைக் குழாயொன்றில் வாயுக்களை ஒவ்வொன்றாக நிரப்பி, அதனூடே வெப்பக் கதிர்களைச் செலுத்தினார். கண்ணாடி அக்கதிர்களைத் தடுக்குமாதலால் குழாயின் இரு முனைகளையும் பாறையுப்புத் தகடுகளால் மூடினார். வளியின் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் வெப்பத்தை ஏறக்குறைய முழுமையாக ஊடுருவவிட்டன. மிகச் சிறிதளவே உள்ள நீராவியும் காபனீரொட்சைட்டுமே அதனை உறிஞ்சின. நீராவி இல்லாவிடின் ஒரே இரவில் பயிர்கள் உறைந்து மடியும் என்பதை அவர் உணர்ந்தார்.

இங்கு ஒருவருக்குரிய நியாயத்தையும் வழங்கியாக வேண்டும். அமெரிக்கப் பெண்மணியான யூனிஸ் பூட், காபனீரொட்சைட்டு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் கூடுதலாகச் சூடேறுவதை 1856 இலேயே வெளியிட்டிருந்தார். பூமியின் வெப்பக் கதிர்களை அவர் தனித்து அளக்கவில்லையெனினும் முதல் அடி அவருடையதே. 2011 வரை அவரை உலகம் மறந்திருந்தது வேதனைக்குரியது.

டின்டாலின் பார்வை வளியின் தூசியின் மீதும் திரும்பியது. இருட்டறையில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, இலண்டன் மக்கள் சுவாசிக்கும் அழுக்கை அவர்களுக்கே காட்டினார். நீண்ட மூச்சின் இறுதிப் பகுதியை அக்கற்றையினுள் ஊதியபோது அவ்விடம் இருண்டது. தூசி சுவாசப்பைகளிலேயே தங்கிவிட்டது! பஞ்சு, கிளிசரின், கரி ஆகியவற்றைக் கொண்டு தீயணைப்பாளர்களுக்கான சுவாசக் கவசமொன்றையும் அவர் 1871 அளவில் உருவாக்கினார்.

தூக்கமின்மையால் நெடுங்காலம் வருந்திய டின்டால், 1893 டிசம்பரில் மனைவி லூயிசா தவறுதலாக அளித்த தூக்க மருந்தின் மிகையால் காலமானார். கணவரின் வரலாற்றை எழுதவெனக் கடிதங்களைத் திரட்டிய லூயிசா, 1940 இல் இறக்கும்வரை அதனை முடிக்கவில்லை. 1945 இல் வேறு இருவரின் முயற்சியால் அந்நூல் வெளிவந்தது.